குளம் துரைக்கு, பாம்பு தோட்டக்காரனுக்கா?

நீச்சல் குளத்தைப் பற்றித் தொழிற்சங்கப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்! லயத்துக் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீருக்கு விடியுமுன்னே வரிசை பிடித்து நின்ற சனங்கள் நாம். நமக்குக் குளம் ஏது, குளிப்பு ஏது? ஆனால் தோழர்களே, அந்தக் குளத்தில் குளிப்பவரைப் பற்றி நாம் இங்கே எழுத வரவில்லை. அதில் விழுந்து கிடக்கும் பாம்பைத் தூக்கிப் போடுவதற்கு இறக்கிவிடப்படுகிறாரே, அவரைப் பற்றி எழுதுகிறோம். அவர் நம்மவர். நேற்று வரை உளி பிடித்தவர். இன்று வலைக்கம்பு பிடித்து நிற்கிறார்.

மலாக்கா மாநிலம் முன்போல் இல்லை என்பதை ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் கன்றுகளை நட்டு, இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கு ரப்பர் பயிரிட்ட மண் இது. அந்த ரப்பருக்காகக் காடு அழிந்தது. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அதற்கும் பிறகு செம்பனையைச் சாய்த்து வீடமைப்பு, கோல்ஃப் திடல், ஓய்வு விடுதி என்று வைத்தார்கள். வார விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்காகக் கொல்லையில் நீச்சல் குளம் வெட்டிய ஹோம்ஸ்டே வீடுகள் வேறு. லயம் உடைபட்டபின் தோட்டத்தை விட்டுப் போன நம் ஆட்களுக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, காவல் காப்பது, குளம் கழுவுவது. நமக்கும் குளத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

ஜாசின் வட்டாரத்தில் நடந்த ஒரு காரியம் நம் காதுக்கு வந்தது. இடத்தையும் ஆளையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த மனிதருக்கு இருக்கிற வேலையும் போய்விடும். செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு பங்களா. இரவெல்லாம் மழை. காலையில் குளத்துக்குள் எட்டடிக்குக் குறையாத ஒரு மலைப்பாம்பு. மலாய்க்காரர் ஊலார் சாவா என்று சொல்வது. வீட்டுக்காரர் மாடியில் நின்றபடி தோட்டக்காரரைக் கூப்பிடுகிறார். இருபது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிய மனிதர் அவர். “தீயணைப்பு இலாகாவைக் கூப்பிடலாங்களா, ஐயா?” என்று கேட்டிருக்கிறார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? “தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பாம்புக்குப் பயப்படுகிறாயா? பத்து மணிக்கு விருந்தாளி வருகிறார்கள்.” இறங்கினார். வலைக்கம்பு வழுக்கியது. முன்கையில் கடி. மலைப்பாம்புக்கு விஷமில்லை; ஆனால் உள்நோக்கி வளைந்த பல் வரிசை சதையைக் கிழித்துவிடும். தையல் போட்டார்கள், புண் சீழ் வைத்தது, ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது நாள் சம்பளமும் இல்லை. “விஷமில்லாத பாம்புதானே” என்றாராம் வீட்டுக்காரர்.

விஷமில்லாத பாம்புதானே! அப்படியானால் தாமே இறங்கியிருக்கலாமே?

தோட்டத்தான் பாம்புக்கு அஞ்சான் என்ற இந்தக் கதையை முதலில் உடைத்தாக வேண்டும். பரம்பரையாக நம் தலையில் கட்டிய கதை இது. தோட்டத்தான் மழைக்கு அஞ்சான், கொசுவுக்கு அஞ்சான், அரை வயிற்றுக்கு அஞ்சான் என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை வேலை வாங்கினார்கள். உண்மை என்ன? 1950-களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், வட மலாயாவில் பாம்பு கடித்தவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதினார். ரப்பர் தோட்டத் தொழிலாளரின் பாதமும் கணுக்காலும் அந்த ஆராய்ச்சிகளில் வந்துகொண்டே இருக்கும். அங்கே சருகுக்குள் சுருண்டு கிடக்கும் குழிவிரியன். இருட்டில் வெறுங்காலோடு மரத்துக்கு மரம் போகிறவனைத்தான் அது தீண்டும். தோட்டத்தானுக்குப் பாம்பு தோழன் என்றால் அந்தக் கால்கள் யாருடையவை?

வடக்கே போக வேண்டாம், பக்கத்து மாநிலத்தையே பார்ப்போம். 1995-ஆம் ஆண்டில் ஜொகூர் சிகாமாட் பக்கம் ரப்பர் தொழிலாளி ஒருவரை மலைப்பாம்பு சுற்றி நெரித்துக் கொன்றது. சிகாமாட் நம் ஜாசினுக்கு எவ்வளவு தூரம்? அந்தத் தொழிலாளியும் ரப்பருக்குள்ளேயே பிழைத்தவர்தான். பழக்கம் அவரைக் காப்பாற்றவில்லை.

2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆண்டொன்றுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக் கடியால் சாகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. யார் அவர்கள்? வயலில் நிற்பவர்கள், தோட்டத்தில் நிற்பவர்கள். புறக்கணிக்கப்பட்டது நோயா, அந்த மனிதர்களா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சரி, பிராணி ஏன் குளத்துக்கு வருகிறது? வீட்டுக்காரர்கள் ஏதோ சாபம் போலப் பேசுகிறார்கள். சாபமும் இல்லை, சனியனும் இல்லை. செம்பனை இருக்கும் இடத்தில் உதிர்ந்த பழத்துக்கு எலி வரும். எலிக்கு நாகமும் மலைப்பாம்பும் வரும். மறுநடவுக்காக இயந்திரத்தை விட்டுப் பழைய மரங்களைச் சாய்க்கும்போது, வேரடியில் பதுங்கியிருந்ததெல்லாம் நாலா பக்கமும் கலையும். நம் லயத்துப் பின்கட்டில் கோழிக் கூட்டுக்குள் பாம்பு வருவதும், பங்களாக் குளத்துக்குள் வருவதும் இந்த ஒரே காரணத்தால்தான். கூட்டுக்குள் வந்தது வெளியே போய்விடும். குளத்துக்குள் விழுந்ததால் ஏற முடியாது. குளத்துச் சுவரைப் பாருங்கள்: நேர் செங்குத்து, வழவழவென்று ஓடு பதித்தது. மலாக்கா ஆற்றில் சுற்றுலாப் படகுகளுக்குப் பக்கத்திலேயே ஹாயாக நீந்திப் போகிறதே உடும்பு, அந்த நீச்சல்காரனுக்கே ஓட்டில் நகம் பிடிக்காது. மூசாங், காட்டுப்பன்றி, தெருநாய் எல்லாம் சுற்றிச் சுற்றி நீந்திக் கைகால் ஓய்ந்து மூழ்கும். விளக்குப் பூச்சிக்கும் தண்ணீருக்கும் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும்.

குளம் கழுவும் தோழர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். ஆபத்தில் பெரும் ஆபத்து குளத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற பாம்பு அல்ல. குளத்து விளிம்பில் இலை தழையை இழுத்துப் பிடிக்க ஒரு வாய் வைத்து, அதன் பின்னால் மூடி போட்ட குழியும் கூடையும் வைத்திருப்பார்களே, அதற்குள் சுருண்டு கிடக்கிற பாம்புதான். தண்ணீர் இழுக்கிற வேகத்தில் தவளையோடு பாம்பும் அதற்குள் போய்விடும். காலையில் வருகிற ஆள் வழக்கம்போல் மூடியைத் திறந்து, பாராமலே கையை விடுவார். பம்பு அறையும் அப்படித்தான். இருட்டு, ஈரம், சூடு. நாகத்துக்கு அரண்மனை. மூடியைக் கம்பியால் நெம்பித் தள்ளி நின்று திறந்து, விளக்கடித்துப் பார்த்து, கூடையைக் கொக்கியால் தூக்குவது என்பது அரை நிமிட வேலை. கொக்கிக்கும் கைவிளக்குக்கும் முழங்கை வரை உறைக்கும் எவ்வளவு செலவாகும்? குளத்தில் மிதக்கவிட்டிருக்கிற அன்னப்பறவை பொம்மையின் விலைகூட ஆகாது.

விழுந்த பிராணி தானாக ஏறிப் போவதற்கு வழி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. முரட்டுச் சாக்குச் சுற்றிய ஒரு பலகை போதும்; ஒரு முனை விளிம்பில் கட்டியிருக்க, மறுமுனை தண்ணீருக்குள் சரிந்து கிடக்க வேண்டும். பிராணி சுவரோரமாகத்தான் சுற்றும், ஆகையால் பலகையும் சுவரோரம் இருக்க வேண்டும். வைத்துவிட்டுப் பம்பை நிறுத்தி, நாயைக் கட்டி, மனிதர்கள் விலகினால் உடும்பு தானே ஏறிப் போகும். காட்டுப்பன்றியானாலும் படிக்கட்டுப் பக்கத்தையும் வேலிக் கதவையும் திறந்து விட்டு ஒதுங்கி நிற்பதுதான் முறை. எதிரில் நின்றால் மனிதனைத்தான் கிழிக்கும். குரங்கு குளிக்க வந்திருந்தால் குளித்துவிட்டுப் போகட்டும், மூலையில் மடக்கக் கூடாது. பாம்புக்கு நீச்சல் தெரியும். பத்து மணி விருந்தாளிக்காக அவசரப்பட வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 999-க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்பு இலாகாவோ பொதுத் தற்காப்புப் படையோ வரும். பாம்பு பிடிப்பது அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலை. வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்கும் 1-800-88-5151 என்ற எண் உண்டு.

செத்துக் கிடந்தால்? அதுவும் வெறுங்கை வேலை அல்ல. கையுறை போட்டு வலையால் எடுத்துப் பையில் கட்ட வேண்டும். எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் பிராணிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவுவது. 2010 முதல் இந்த நாட்டில் டாக்டர்கள் கட்டாயம் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். நன்றாகக் குளோரின் போட்ட குளத்தில் அந்தக் கிருமி நிற்காது. ஆனால் ஆள் வராமல் மாதக்கணக்கில் பச்சை பிடித்துக் கிடக்கும் குளத்தில் காலில் புண்ணோடு இறங்குகிறவர் கதை வேறு. பிணத்தை எடுத்தபின் பத்து லட்சத்தில் 2 பங்கு என்ற அளவில் குளோரின் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், அதுவரை யாரும் இறங்கலாகாது. குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலக்கும் மூடத்தனத்தை எந்த முதலாளி சொன்னாலும் செய்யாதீர்கள். வருகிற புகை நுரையீரலைத் தின்றுவிடும்.

தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே 2020 நவம்பரில் ஒரு யானை விவசாயக் கிணற்றில் விழுந்தது. அங்கே ஏழைக் குடியானவர்கள்தான். “கிராமத்தான் யானைக்குப் பயப்படுவானா, இறங்கு!” என்று யாரும் எவரையும் தள்ளவில்லை. வனத்துறை வந்தது, தீயணைப்புப் படை வந்தது, கால்நடை டாக்டர் வந்து மயக்க மருந்து செலுத்தினார், கிரேன் வந்தது. பல மணி நேரம் பாடுபட்டு உயிரோடு தூக்கினார்கள். யானைக்கு அவ்வளவு என்றால் பாம்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது கூடாதா? கிரேன் கேட்கவில்லை நாம். ஓர் அழைப்புக் கேட்கிறோம்.

குதிரைக்காரனும் குளக்காரனும்

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமுலில் இருக்கிறது. முன்பு குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும் இருந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பரவியிருக்கிறது. வேலை கொடுப்பவர் ஆளின் உயிருக்கும் உடம்புக்கும் பாதுகாப்புச் செய்யத் தவறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்புகிற தொழிலாளி, முதலாளி அதை நீக்காதபோது, அவ்விடத்தை விட்டு விலகலாம். விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 26ஏ பிரிவு சொல்கிறது. இறங்க மாட்டேன் என்று சொல்ல உரிமை கொடுத்திருக்கிறது சட்டம். நல்ல சட்டம். நாமும் வரவேற்றோம்.

ஆனால் அதே சட்டம் ஒரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. வீட்டு வேலையாட்களுக்கு இது பொருந்தாது என்கிறது. யார் வீட்டு வேலையாள்? 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தைப் புரட்டுங்கள். சமையற்காரர், வண்ணார், காவற்காரர், காரோட்டி என்று வரிசையாகப் போகிறது, குதிரைக்காரன்கூட இருக்கிறான்! வெள்ளைக்காரத் துரை குதிரையேறிப் போன காலத்துப் பட்டியல். மலாக்காவில் இன்று எந்தப் பங்களாவில் குதிரை கட்டியிருக்கிறது? குதிரைக்காரனோடு ஒரே வரியில் தோட்டக்காரரும் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த ஒரு சொல்லால் அவருக்கு வேலையிடப் பாதுகாப்பு இல்லை, குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை.

விளைவைப் பாருங்கள். ஒரே பாம்பு, ஒரே அளவுக் குளம். ஓய்வு விடுதிக் குளத்தில் அது விழுந்தால் “இறங்கு” என்று சொன்ன மானேஜர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக் குளத்தில் விழுந்தால், மாடியில் நின்று “இறங்கு” என்று சொன்னவருக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. பாம்பு இந்த வித்தியாசம் பார்த்துக் கடிக்குமா? எஸ்டேட் கம்பெனியே சம்பளம் கொடுத்து மானேஜர் பங்களாவில் போட்டிருக்கிற ஆளின் நிலை வேறு. அவர் கம்பெனித் தொழிலாளி. அவரை வீட்டு வேலையாள் என்று பெயர் மாற்றித் தப்பப் பார்த்தால் கிளை அதை விடக் கூடாது. பணம் வாங்கி வாடகைக்கு விடுகிற ஹோம்ஸ்டேயும் வியாபாரம்தான், குடும்ப வீடு அல்ல என்பதே நம் வாதம்.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் வீட்டு வேலையாட்களையும் சொக்சோவில் பதிய வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை. மோட்டார் சைக்கிளில் வலைக்கம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் குளம் கழுவப் போகிறவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாம் கேட்பது இதுதான்: மலாக்காவில் எத்தனை வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டக்காரரைப் பதிந்திருக்கிறார்கள்? மேலே சொன்ன மனிதரைப் பதிந்திருந்தால் அந்த ஒன்பது நாளும் வெறும் நாளாகப் போயிருக்குமா?

“இதற்கு ஏன் இவ்வளவு, ஒரே அடியில் அடித்துப் போட்டால் தீர்ந்தது” என்று சொல்லும் வீரர்கள் நம் லயத்திலும் உண்டு. அவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் அதை அடிக்கப் போனவர்கள், அல்லது பிடிக்கப் போனவர்கள். நம் பக்கத்து நாகம் கடிக்க வேண்டியதுகூட இல்லை, கண்ணைப் பார்த்து விஷத்தை உமிழும். இது ஒன்று. மற்றது, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மலைப்பாம்பும் உடும்பும் நாகமும் அதில் பாதுகாக்கப்பட்ட இனங்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். 2022-ல் திருத்தி, கொடிய குற்றங்களுக்கு அபராத உச்சத்தைப் பத்து லட்சம் வெள்ளிக்கும் சிறையைப் பதினைந்து ஆண்டுக்கும் உயர்த்தியிருக்கிறார்கள். மனித உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்து என்றால் சட்டம் இடம் கொடுக்கிறது. குளத்துக்குள் மாட்டிக்கொண்டு ஏற முடியாமல் சுற்றுகிற உடும்பால் யார் உயிருக்கு ஆபத்து? உடும்புக் கறி முதுகுவலிக்கு நல்லது என்று சட்டியில் போட்டவர், அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறார். இலாகாவுக்கு வேறு சாட்சியம் தேட வேண்டிய வேலையே இல்லை! “அடித்துப் போடு” என்று உத்தரவு போட்ட வீட்டுக்காரர் கோர்ட்டுப் படியேறி நம்மவர் பக்கத்தில் நிற்பாரா? “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்பார். தடி இருந்தது யார் கையில்?

பாம்பு பிடிப்பது கேவலமான வேலை என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். அது பெரிய வித்தை. வித்தைக்கு வித்தைக்குரிய கூலி கொடு என்பதே நம் பேச்சு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தோன்றியது. பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு இழந்த மக்கள் அவர்கள். கூட்டுறவாகச் சேர்ந்து, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் வரவழைத்தது. அங்கே சதுப்புக் காட்டில் பெருகிவிட்ட மலைப்பாம்பைப் பிடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நம் தமிழர் இருவரும் சில வாரங்களில் இரண்டு டஜனுக்கும் மேல் பிடித்துக் காட்டினார்கள். விமான டிக்கெட், கூலி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் கொடுத்து அழைத்தார்கள். 2023-ல் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. வித்தை தெரிந்தவனை அப்படி நடத்துகிறது உலகம். இங்கே வித்தை தெரியாதவனை வெறுங்கையோடு இறக்கிவிட்டு, ஒன்பது நாள் சம்பளத்தையும் பிடிக்கிறார்கள்.

கிராணிமாரே, உங்களிடமும் ஒரு பேச்சு உண்டு. பேனா உங்கள் கையில் இருக்கிறது. எஸ்டேட் பங்களாவிலோ விடுதியிலோ ஆள் கடிபட்டால், “சொந்தக் கவனக்குறைவு” என்று எழுதச் சொல்வார்கள். “வேலை நேரத்துக்குப் பிறகு தானாகவே போனார்” என்று எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு, கையுறை கொடுத்தார்களா, 999-க்கு அழைத்தார்களா என்று உள்ளதை எழுதுங்கள். விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அந்த 48 மணி நேரம் உங்கள் மேசை மேல்தான் ஓடுகிறது. கிராணி வேறு, கூலி வேறு என்று பிரித்து வைத்த காலத்து மனோபாவம் இன்னும் சில ஆபீசுகளில் உலவுகிறது. லயத்துக்குள் நாகம் வந்தால் கிராணி வீட்டுக் கதவைத் தாண்டிப் போகாது என்று நினைக்கிறவர்கள் அப்படியே இருக்கட்டும். மற்றவர்கள் உண்மையை எழுதுங்கள்.

கடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர் குறைவு, தெரிந்ததாக நினைப்பவர் அதிகம். கத்தியால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே. இறுக்கிக் கட்டிய கை அழுகிப் போவதுண்டு. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்று. கடிபட்ட கை காலை ஆட்டாமல் மட்டை வைத்துக் கட்டி, ஜாசினோ அலோர் காஜாவோ மலாக்காவோ எது அருகில் இருக்கிறதோ அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கண்ணில் விஷம் பட்டால் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே போ. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தள்ளி நின்று எடுத்த படம் இருந்தால் போதும். எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்து விஷமுறிவு மருந்து மாறும். தமிழ்நாட்டுப் பாம்புகளுக்குச் செய்த மருந்து நம் நாட்டு நாகத்துக்குச் சரிப்படாது. இங்கே ஆஸ்பத்திரிகளில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் செய்யும் மருந்தைத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். மந்திரித்து நூல் கட்டுகிற பெரியவரிடம் ஒரு மணி நேரம் போனால், டாக்டரிடம் போக வேண்டிய ஒரு மணி நேரம் போயிற்று.

நாம் கேட்பவை சின்னக் காரியங்கள். குளம் வைத்திருக்கிற ஒவ்வோர் எஸ்டேட் பங்களாவிலும் விடுதியிலும், “காட்டுப் பிராணி விழுந்தால் தொழிலாளர் எவரும் இறங்கலாகாது, 999-க்கு அழைக்க வேண்டும்” என்று தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் எழுதிப் பம்பு அறைக் கதவில் ஒட்ட வேண்டும். வங்காளி எதற்கு என்று கேட்காதீர்கள். இன்று குளம் கழுவுகிறவர்களில் எத்தனை பேர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் என்று சுற்றிப் பாருங்கள். நம் தாத்தாவிடம் சொன்னதைத்தான் அவர்களிடமும் சொல்கிறார்கள்: இவனுக்கெல்லாம் பாம்பு பழக்கம் என்று. சாக்குச் சுற்றிய பலகை, கொக்கி, கைவிளக்கு, உறை கொடுக்க வேண்டும். அரசாங்கம் அந்தக் குதிரைக்காரன் காலத்துப் பட்டியலை எடுத்துத் தோட்டக்காரரையும் காவற்காரரையும் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். தேர்தல் வந்தால் லயத்துக்கு லயம் வருகிறார்களே சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், அவர்களிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ரோடு போடுகிறேன் என்று பேச்சை மாற்றினால் விடாதீர்கள்.

தோட்டத்தை விட்டு வெளியே போய்க் குளம் கழுவுகிற, புல் வெட்டுகிற, காவல் காக்கிற நம் உறவுக்காரர்கள் யார் யார் என்று ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே பெயர் எழுத வேண்டும். சொக்சோ எண் இருக்கிறதா என்று பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். கடிபட்டவர் இருந்தால் தேதி, இடம், எந்தப் பிராணி, யார் அனுப்பியது, எத்தனை நாள் சம்பளம் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுப்பார்கள்.